மீன் குழம்பு வரும்வரை எந்த ஒயினுக்கும் முதலிடம் கொடுத்துவிடாதீர்கள்

கடலூரிலிருந்து நீங்கள் கேட்டது இதுதான். கல்லூரி நண்பர்கள் ஆறு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியில் ஒருவர் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குக் கூடுகிறீர்கள். சில வெள்ளை ஒயின்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க ஆசை. யாருக்கும் பெரிய பழக்கம் இல்லை. எதை வாங்குவது, எப்படிப் பரிமாறுவது, நம் ஊர் மீன் சாப்பாட்டோடு ஒத்துவருமா?

ஒத்துவரும். நான் புதுச்சேரிக்காரன். பல வருடம் உணவகங்களில் ஒயின் பரிமாறியவன். நாங்களும் ஆறேழு நண்பர்கள், வருடத்துக்கு இரண்டு மூன்று முறை இதையே செய்கிறோம். அந்த அனுபவத்தில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வெறும் வாயில் குடிக்கும்போது ஜெயிக்கிற ஒயின் வேறு, சாப்பாட்டோடு ஜெயிக்கிற ஒயின் வேறு. இரண்டு சுற்று வைத்தால்தான் இது தெரியும். ஒரு சுற்றோடு முடித்துக்கொண்டால் பாதியைத்தான் பார்த்திருப்பீர்கள்.

குருசுக்குப்பத்தில் ஒரு நண்பர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நாலு பாட்டில். அதில் ஒன்று ஓக் மரப் பீப்பாயில் வைத்திருந்த வெளிநாட்டு ஷார்டனே (ஷார்டனே, ஷெனின் எல்லாம் திராட்சை வகைகளின் பேர்கள், ஒயினுக்கும் அதே பேர்தான்). மற்ற மூன்றையும் சேர்த்தால் வருகிற விலை அது ஒன்றுக்கே. பேரை மறைத்துக் குடித்தும் ஆறில் ஐந்து பேர் அதைத்தான் முதலில் வைத்தார்கள். வெண்ணெய் மணம், வறுத்த முந்திரி மணம், வாயில் ஒரு கனம். கடைசி இடம் நாசிக்கின் ஷெனின் பிளாங்க்குக்கு. லேசான இனிப்பு, விலையும் குறைவு, "ஜூஸ் மாதிரி இருக்கு" என்று தள்ளிவிட்டார்கள். அப்புறம் நண்பரின் அம்மா சங்கரா மீன் குழம்பைக் கொண்டுவந்து வைத்தார். புளியும் காரமும் தூக்கலாக, முதல் நாளே வைத்த குழம்பு. ஒரு வாய் சோறு, ஒரு மிடறு ஷார்டனே. மேசையில் எல்லார் முகமும் ஒரே நேரத்தில் சுருங்கியது. முந்திரி மணம் இருந்த இடத்தில் கசப்பு. தொண்டையில் எரிச்சல். ஷெனினை எடுத்தால் காரம் அடங்கி, குழம்பின் ருசியும் தெரிந்தது, ஒயினின் பழ வாசமும் தெரிந்தது. அன்று இரண்டாம் சுற்றில் வரிசை அப்படியே தலைகீழானது.

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் எதை வாங்குவது என்பது தானாகப் புரிந்துவிடும். மிளகாயின் எரிச்சல் ருசி அல்ல, வலி. நாக்கில் சூட்டை உணரும் நரம்புகளையே அது தூண்டுகிறது. ஆல்கஹாலும் அதே நரம்புகளைத் தொடுவதால் ஒன்றை மற்றது கூட்டிவிடும். பீப்பாயிலிருந்து வருகிற துவர்ப்பும் கசப்பும் காரத்துக்கு முன்னால் துருத்திக்கொண்டு தெரியும். மாறாக, ஒரு துளி இனிப்பு காரத்தை அமுக்கும். பச்சை மிளகாயைக் கடித்துவிட்டால் சர்க்கரை டப்பாவைத் தேடுவோமே, அதே கணக்கு.

புளி விஷயம் இன்னும் அழகானது. புளியில் உள்ள முக்கியமான அமிலம் டார்டாரிக் அமிலம். திராட்சையிலும் அதுவேதான். பழங்களில் அதை இவ்வளவு அதிகமாக வைத்திருப்பவை மிகச் சில. புளிக்குழம்பும் வெள்ளை ஒயினும் ஒரு வகையில் சொந்தக்காரர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். புளிப்பான சாப்பாட்டுக்குப் பிறகு குடித்தால் ஒயினின் புளிப்பு குறைந்ததுபோல் தெரியும். ஒயினில் முதலிலேயே போதிய புளிப்பு இல்லையென்றால் குழம்புக்குப் பிறகு அது வெறும் தண்ணீர்போல ஆகிவிடும். ஆகவே நம் சாப்பாட்டுக்குப் புளிப்பு தூக்கலான ஒயின் வேண்டும். காரம் அதிகமென்றால் அதில் கொஞ்சம் இனிப்பும் இருக்கட்டும். ஆல்கஹால் 13 சதவீதத்துக்கு மேல் போகாமலிருந்தால் நல்லது.

இந்த டார்டாரிக் அமிலத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். சில பாட்டில்களை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் அடியிலோ கார்க்கிலோ கண்ணாடித் தூள்போலப் படிகங்கள் ஒட்டியிருக்கும். கண்ணாடி உடைந்து விழுந்துவிட்டது என்று பயந்து கீழே கொட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அது குளிரில் பிரிந்து படிந்த அந்த அமிலத்தின் உப்பு, அவ்வளவுதான். ஒரு கெடுதலும் இல்லை.

சரி, வாங்குவதற்கு வருவோம். ஆறு பேருக்கு நாலு பாட்டில் போதும். ஐந்தாவது வேண்டாம். நாலுக்கு மேல் போனால் புதியவர்களுக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்துவிடும்.

முதல் பாட்டில் சோவின்யோன் பிளாங்க். நாசிக்கிலிருந்து சுலா, அக்லூஜிலிருந்து ஃப்ரத்தெல்லி, ஹம்பி பக்கம் கிருஷ்மா என்று இந்தியாவிலேயே நல்லவை இருக்கின்றன. இரண்டாவது, நாசிக்கின் ஷெனின் பிளாங்க். இந்த இரண்டு திராட்சைக்கும் பிரான்சில் லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்கு பேர்போனது. நாசிக்கில் இவை 1990களின் பிற்பகுதியில் வேர்பிடித்தன. சுலாவின் முதல் ஒயின்கள் 2000ஆம் ஆண்டில் கடைக்கு வந்தன. மூன்றாவது வியோன்யே. பெங்களூருக்கு வடக்கே நந்தி மலையடிவாரத்து க்ரோவர் ஸாம்பா செய்வது கிடைத்தால் எடுங்கள். ஆப்ரிகாட், பூ வாசம், வாயில் எண்ணெய்போல வழுக்கும் ஒரு மென்மை. புளிப்பு மட்டும் குறைவு. நாலாவதாக ஒரு ஷார்டனே, ஓக் பீப்பாயில் இருந்தது. நம் சாப்பாட்டுக்கு அது சுலபமான ஒயின் இல்லை என்று தெரிந்தும் சொல்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எதிர்முனை வேண்டும். அதுவுமில்லாமல் அதற்கென்று ஒரு உணவு இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

கையில் கொஞ்சம் கூடுதல் காசு இருந்தால் வியோன்யேவுக்குப் பதில் ஒரு முஸ்காதே தேடிப் பாருங்கள். பிரான்சில் லுவார் ஆறு கடலில் சேர்கிற நாந்த் நகரத்துப் பக்கம் விளைவது. கடல் மீன், சிப்பி இவற்றோடு குடிப்பதற்கென்றே அந்த ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் ஒயின். ஈஸ்ட் வண்டலோடு சேர்த்தே பல மாதம் விட்டுவைப்பார்கள், அதனால் மெல்லிய ரொட்டி மணம் வரும். உப்பும் எலுமிச்சையும் மட்டும் போட்டுச் சுட்ட மீனோடு அது ஒரு தனி சுகம்.

இந்திய ஒயினா என்று யாராவது முகம் சுளித்தால் இதைச் சொல்லுங்கள். வெயில் நாட்டில் திராட்சை பழுக்கும்போது புளிப்பு சீக்கிரம் கரைந்துவிடும். அதைத் தடுக்க நாசிக் விவசாயிகள் செப்டம்பர், அக்டோபரில் கொடியை வெட்டிவிடுகிறார்கள். பழம் குளிர்கால இரவுகளில் முற்றி, கோடை தொடங்குவதற்குள், ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் அறுவடையாகிவிடும். ஐரோப்பாவில் கோடை முழுக்க வளர்ந்து இலையுதிர்காலத்தில் அறுக்கிறார்கள். நாம் ஆண்டைத் திருப்பிப் போட்டிருக்கிறோம். ஒரு திராட்சைக்கொடியின் இயல்பையே புரிந்துகொண்டு செய்த வேலை அது. எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு.

கடையில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு மே மாதம் விருந்துக்கு முந்தின நாள் ஒரு கடையில் அவசரமாக ஒரு பாட்டில் வாங்கினேன். அலமாரியில் நேராக நின்றிருந்தது, மேலே மின்விசிறிகூட இல்லை. வீட்டில் திறந்து ஊற்றினால் நிறம் பழைய தேன்போல. மணம், வேகவைத்து ஆறிப்போன ஆப்பிள். சூட்டில் வெந்துபோன ஒயின். ஆறு பேர் முன்னால் அதை ஓரமாக வைக்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து ஏசி ஓடுகிற கடையில்தான் வாங்குகிறேன். கார்க் வாயைவிட்டு மேலே தள்ளியிருந்தால் தொடமாட்டேன். லேபிளில் அறுவடை ஆண்டைப் பார்ப்பேன். இந்தியாவின் சோவின்யோன், ஷெனின் எல்லாம் இளசாகக் குடிக்க வேண்டியவை, இரண்டு வருடத்துக்குள் இருந்தால் நல்லது. கார்க்கைவிடத் திருகுமூடி போட்டதையே தேர்ந்தெடுப்பேன். திருகுமூடி என்றால் மட்டம் என்ற எண்ணம் நம்மிடம் இன்னும் போகவில்லை. நம் ஊர் வெயிலுக்கு அதுதான் நம்பகமானது, கார்க் பூஞ்சை வாடைக்கும் அதில் அநேகமாக வேலையில்லை.

குளிர்ச்சியில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். ஒன்று வெதுவெதுப்பாக ஊற்றுவார்கள், இல்லையென்றால் ஃப்ரீசரில் வைத்து உறைய வைப்பார்கள். சோவின்யோன், ஷெனின், முஸ்காதே எல்லாம் 8 முதல் 10 டிகிரி. ஷார்டனேவும் வியோன்யேவும் 11, 12 டிகிரி. வீட்டு ஃப்ரிட்ஜ் சுமார் 4 டிகிரியில் இருக்கும். அந்தக் குளிரில் எந்த ஒயினும் வாயைத் திறக்காது, புளிப்பும் கசப்பும் மட்டும்தான் தெரியும். ஆகவே லேசான ஒயின்களை, ஊற்றுவதற்கு 10 நிமிடம் முன்னும், ஷார்டனேவை 20 நிமிடம் முன்னும் வெளியே எடுங்கள். இது மார்கழிக் கணக்கு. சித்திரை, வைகாசி என்றால் பாதி நேரம் போதும்.

மேசைப் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் வாளி வையுங்கள். பாதி ஐஸ், பாதி தண்ணீர், இரண்டு கை கல் உப்பு. வெறும் ஐஸ் கட்டிகள் பாட்டிலை அங்கங்கேதான் தொடும், தண்ணீர் முழுக்கச் சூழ்ந்து பிடிக்கும். உப்பு தண்ணீரைப் பூஜ்யத்துக்கும் கீழே இறக்கும். சாதாரண சூட்டில் இருக்கும் பாட்டில்கூட கால் மணி நேரத்தில் குடிக்கத் தயாராகிவிடும்.

கிளாஸ் விஷயத்தில் அலட்டிக்கொள்ள வேண்டாம். ஒரே அளவு, ஒரே வடிவம், மேலே சற்றுக் குறுகியது, அவ்வளவுதான் தேவை. எவர்சில்வர் டம்ளர் மட்டும் வேண்டாம், நிறம் தெரியாது, வாய் அகலமானதால் வாசமும் நிற்காது. ஆளுக்கு நாலு கிளாஸ் என்றால் 24 வேண்டும், எந்த வீட்டிலும் இருக்காது. ஆளுக்கு இரண்டு போதும். இரண்டிரண்டாக ஒப்பிடுங்கள். முதல் ஜோடி, அடுத்த ஜோடி, பிறகு இரண்டிலும் பிடித்தவை. புதியவர்களுக்கு இதுதான் நல்ல வழி என்றுகூடச் சொல்வேன். நாலை வரிசைப்படுத்துவது கஷ்டம். இரண்டில் எது புளிப்பு, எது கனம் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம்.

ஒரு தடவைக்கு 40 மில்லி ஊற்றினால் போதும். ஒரு கிளாஸில் 40 மில்லி தண்ணீரை அளந்து ஊற்றி, அந்த மட்டத்தைக் கண்ணில் பிடித்துக்கொள்ளுங்கள். குறைவாகத்தான் தோன்றும். ஆனால் நிறைய ஊற்றினால் நம் ஊர் வெக்கையில் பாதி குடிப்பதற்குள் சூடாகிவிடும், சுழற்றி மோந்து பார்க்கவும் இடம் இருக்காது. நாலு ஒயின், இரண்டு சுற்று என்றால் ஆளுக்கு 320 மில்லி. 13 சதவீதக் கணக்கில் அதில் சுமார் 33 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. வண்டி ஓட்டுகிறவருக்கு அது அதிகம், ஆகவே அன்று யாரும் சாவியைத் தொடக்கூடாது. மேசையில் ஒரு பெரிய செம்பும் வையுங்கள், ருசி பார்த்துவிட்டுத் துப்புவதற்கு. முதல் தடவை கூச்சமாக இருக்கும். ஒயினைத் தொழிலாகக் கொண்டவர்கள் எல்லாரும் துப்பத்தான் செய்கிறார்கள், இல்லாவிட்டால் ஒரு நாளில் நாற்பது ஐம்பதைப் பார்க்க முடியாது.

பேரை மறைப்பது அவசியம். ஒருவர் நாலு பாட்டிலையும் செய்தித்தாளில் கழுத்துவரை சுற்றி ரப்பர் பேண்ட் போடட்டும். அவர் வெளியே போனதும் இன்னொருவர் இடம் மாற்றி அ, ஆ, இ, ஈ என்று எழுதட்டும். யாருக்குமே தெரியாது. லேபிளைப் பார்த்துவிட்டால் விலைதான் பேசும். 1976 மே 24 அன்று பாரீசில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி இப்படித்தான் செய்தார். பிரான்சின் பர்கண்டி வட்டாரத்து வெள்ளை ஒயின்கள் நாலு, ஆறு கலிஃபோர்னியா ஷார்டனேக்கள், சுவைத்தவர்கள் எல்லாரும் பிரெஞ்சு நிபுணர்கள். முதலிடம் பெற்றது ஷாத்தோ மோந்தலேனா என்ற கலிஃபோர்னியா ஒயின், 1973 அறுவடை. லேபிள் தெரிந்திருந்தால் அது நடந்திருக்கவே நடக்காது. கண்ணும் இப்படித்தான் ஏமாற்றும். 2001இல் வெளியான ஒரு ஆய்வில் பிரான்சின் போர்தோ நகரத்தில் ஒயின் படிக்கிற 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் வாசமில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதை சிவப்பு ஒயினுக்குரிய பழங்களின் பேரைச் சொல்லியே வர்ணித்தார்கள். படித்தவர்களுக்கே அப்படி என்றால் நமக்கு மறைத்துத்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று. எல்லாரும் முதலில் காகிதத்தில் எழுதட்டும், அப்புறம் பேசட்டும். சத்தமாகப் பேசுகிற ஒருவர் "இதுதான் பெஸ்ட்" என்று சொல்லிவிட்டால் மற்ற ஐந்து பேர் நாக்கும் அவர் பின்னாலேயே போய்விடும். நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டாம். பிடித்த வரிசை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, போதும்.

அந்த ஒரு வரியில் என்ன எழுதுவது? இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஒயின் லேபிள்களின் பின்புறத்தில் இருப்பதெல்லாம் ஆங்கிலேயர் தோட்டத்து வாசனை. சோவின்யோன் பிளாங்க் என்றாலே 'கூஸ்பெரி' என்று எழுதியிருக்கும். அகராதியைப் பார்த்து நெல்லிக்காய் என்று நினைத்துக்கொண்டு நம்மாட்கள் அந்த வாசத்தைத் தேடுவார்கள், கிடைக்காது. ஐரோப்பாவின் கூஸ்பெரி முற்றிலும் வேறு செடியின் காய். நம் நெல்லிக்கும் அதற்கும் உறவே இல்லை. கிடைக்காதபோது 'எனக்கு மூக்கு சரியில்லை' என்று ஒதுங்கிவிடுகிறார்கள். மூக்கில் குறையே இல்லை, சொல்தான் இரவல்.

குருசுக்குப்பம் அம்மா குடிக்கமாட்டார். அடுப்படியிலிருந்து வந்தவரிடம் மகன் கிளாஸை நீட்டி, "மோந்து மட்டும் பாருங்கம்மா" என்றார். அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கிளாஸை வாங்காமல் குனிந்து மோந்தார். "வெட்டுன கொய்யாக்கா வாசம்டா இது" என்றார். சோவின்யோன் பிளாங்க்தான் அது. அவர் சொன்னது வேதியியலாகவும் சரி: சோவின்யோனுக்கு அந்த மணத்தைக் கொடுக்கிற கந்தகச் சேர்மங்கள் கொய்யாவிலும் இருக்கின்றன. நான் பல வருடம் லேபிளைப் படித்துத் தேடிய சொல்லை அவர் ஒரு மூச்சில் எடுத்துக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் மேசையில் எல்லாரும் சொந்த ஊர் வாசத்தில்தான் பேசுகிறோம்.

நீங்கள் பண்ருட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள், பலாவும் முந்திரியும் உங்கள் கைக்குள்ளேயே இருக்கின்றன. குளிரில் நொதிக்கவைத்த இளம் வெள்ளை ஒயின்களில் வாழைப்பழம், பலாச்சுளை வாசம் வரும். ஓக் ஷார்டனேயில் வறுத்த முந்திரி, தேங்காய். சில சோவின்யோனில் பச்சைக் குடைமிளகாய். கம்பம் பன்னீர் திராட்சையைத் தின்றிருந்தால் மஸ்கட் வகை ஒயின் எதையும் கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் சொல்லிவிடலாம், ஏனென்றால் பன்னீர் திராட்சை என்பதே மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகைதான். நார்த்தங்காய், பச்சை மாங்காய், எலுமிச்சை இலை, பன்னீர் ரோஜா, புதுமழை மண், எது தோன்றுகிறதோ எழுதுங்கள். வாய் ருசியைச் சொல்லவும் நமக்குச் சொல் பஞ்சமே இல்லை. துவர்ப்பு என்பதை அறுசுவையில் ஒன்றாக வைத்தவர்கள் நாம். வாழைப்பூ தின்ற வாய்க்கு ஓக்கின் துவர்ப்பு சட்டென்று பிடிபடும். புளிப்பை அளக்க ஒரு வழி: ஒரு வாய் விழுங்கிவிட்டுத் தலையைச் சற்றுக் குனியுங்கள். தாடை ஓரத்தில் எச்சில் எவ்வளவு வேகமாக ஊறுகிறதோ அவ்வளவு புளிப்பு.

பழ வாசத்தையும் இனிப்பையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், புதியவர்கள் எல்லாரும் செய்வது இது. கொய்யா வாசம் வந்தால் இனிப்பு என்று எழுதிவிடுவார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். அப்போது நாக்கில் தெரிவதுதான் உண்மையான இனிப்பு. லேபிளில் 'ட்ரை', அதாவது இனிப்பில்லாதது, என்று போட்டிருந்தால் பெரும்பாலும் லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரைக்குள் இருக்கும், நாக்குக்குத் தெரியாது.

முதல் சுற்று நடக்கிற அறையில் ஊதுபத்தி, சாம்பிராணி வேண்டாம். மேசையில் மல்லிகைப்பூவும் வேண்டாம். காலையில் அடித்த சென்ட்டும் கெடுக்கும். தாளிப்பு வாசம் வராதபடி அடுப்படிக் கதவைச் சாத்திவையுங்கள். இடையில் கடிக்க பாகெட் ரொட்டி போதும், இந்த ஊரில் நல்ல ரொட்டிக்குப் பஞ்சமில்லை. பச்சை வெங்காயமும் ஊறுகாயும் பக்கத்தில் வரவே கூடாது.

இரண்டாம் சுற்றில் காரம் குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போங்கள். காலையிலேயே பெரிய மார்க்கெட்டுக்குப் போய் வஞ்சிரமோ கொடுவாவோ வாங்கிவிடுங்கள். உப்பு, எலுமிச்சை, கொஞ்சம் மிளகு மட்டும் போட்டுத் தோசைக்கல்லில் சுட்ட துண்டு முதலில். இங்கே சோவின்யோனும் முஸ்காதேயும் முன்னால் வரும். அடுத்தது தேங்காய்ப்பாலில் இறால், மஞ்சள், பச்சை மிளகாய் இரண்டு, காரம் அவ்வளவே. நான் பின்னால் சொல்கிறேன் என்றது இதைத்தான். ஓக் மரத்தில் தேங்காய் மணம் தருகிற ஒரு சேர்மம் இருக்கிறது, பீப்பாயிலிருந்து அது ஒயினில் இறங்கும். தேங்காய்ப்பாலின் கொழுப்பும் ஷார்டனேயின் கனமும் கைகோத்துக்கொள்ளும். குழம்பிடம் தோற்ற அதே ஷார்டனே இங்கே ராஜாவாக உட்காரும்.

மூன்றாவது, வடகம் தாளித்த ஏதாவது ஒன்று. சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம் எல்லாம் சேர்த்து விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி வெயிலில் காயவைக்கிற நம் தாளிப்பு வடகம்தான் பிரெஞ்சுச் சமையலுக்குப் போய் 'வதுவான்' என்ற பேரில் இன்று அவர்கள் கடைகளில் விற்கிறது. வதக்கிய வெங்காயத்தின் அந்த இனிப்பு வாசத்துக்கு வியோன்யே நன்றாகப் பொருந்தும். கடைசியாகப் புளி மீன் குழம்பு. அதோடு ஷெனின். ஒவ்வொரு உணவுக்கும் நாலு ஒயினையும் ஒரு மிடறாவது தொட்டுப் பாருங்கள், நான் சொன்னபடிதான் வருகிறதா என்று. வராமலும் போகலாம், குழம்பு வைக்கிற கையைப் பொறுத்தது அது.

சிவப்பு ஒயின் ஒன்றும் வைக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். மீன் விருந்தில் வேண்டாம். சிவப்பு ஒயினில் சாதாரணமாகக் கூடுதலாக இருக்கும் இரும்புச்சத்து மீன் கொழுப்போடு சேர்ந்து வாயில் கவிச்சியைக் கிளப்பிவிடும்.

பேச்சுக்கு நடுவே உங்கள் நண்பர்களுக்குச் சொல்ல ஒரு செய்தி. நீங்கள் கடலூரிலிருந்து வருகிற வழியில், ஊருக்குள் நுழைவதற்குச் சற்று முன்பு அரியாங்குப்பம் வரும். அதன் பக்கத்தில் ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது அங்கே ரோமானியர் காலத்து ஆம்போரா ஜாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து ஒயினும் எண்ணெயும் வந்த ஜாடிகள் அவை. பிரெஞ்சுக்காரர் கப்பல் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தக் கரையில் யாரோ மீனோடு ஒயின் குடித்திருப்பார்கள். மேசையில் உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்த ஜாடிகள் ஞாபகம் வரும்.

காகிதத்தைப் பிரிப்பது எப்போது? இரண்டாம் சுற்றும் முடிந்த பிறகுதான். அதற்குமுன் யாராவது கெஞ்சினாலும் பிரிக்காதீர்கள்.

மீதி ஒவ்வொரு பாட்டிலிலும் கால் லிட்டருக்குச் சற்று மேலே நிற்கும். ஊருக்கு எடுத்துப் போக நினைக்காதீர்கள். புதுச்சேரிச் சரக்கை எல்லை தாண்டிக் கொண்டுபோவது வம்பு, முள்ளோடையிலும் ஆல்பேட்டையிலும் சோதனை இருக்கும். மூடியைத் திருகி விருந்து வைத்த நண்பரின் ஃப்ரிட்ஜிலேயே விட்டுவிடுங்கள், இரண்டு மூன்று நாள் தாங்கும். மறுநாள் அவர் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் குடித்துப் பார்த்து உங்களுக்குச் சொல்லட்டும். நல்ல ஷார்டனே சில சமயம் மறுநாள்தான் வாயைத் திறக்கும். நீங்கள் கடலூர் பஸ்ஸைப் பிடியுங்கள், ஏறுவதற்குமுன் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு.